ஆட்டுக்கிடை நடுவே ஓர் ஆரஞ்சுக் கூடாரம்

பாண்டீஸ்வரி ஊரைவிட்டுக் கிளம்பியது போன வருடம் மாசி ஏழாம் தேதி, புதன்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. இவ்வளவு சரியாக நேரம் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டையிலிருந்து வரும் முதல் பஸ் ஊருக்குள் நுழைகிற நேரமும் முந்நூறு செம்மறிகள் ஊரைவிட்டு வெளியேறுகிற நேரமும் அன்றைக்கு ஒன்றாகிப்போயின. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜன்னலோரத்தில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. ஆடுகள் போவதை எல்லோரும் வருடாவருடம் பார்த்திருக்கிறார்கள். ஆடுகளுக்குப் பின்னால் புருசன் துணையில்லாமல் கம்போடு ஒரு பொம்பளை போவதையும், அவள் முதுகில் ஓர் ஆரஞ்சு நிறப் பொதி தொங்குவதையும்தான் பார்த்ததில்லை.

"முதுகுல என்னத்தா, பாராசூட்டா?" என்று பஸ்ஸுக்குள்ளிருந்து ஒருவர் கேட்டார்.

"ஆமா. ஏலாமப்போனா குதிச்சு வீட்டுக்கு வந்துருவேன்ல," என்றாள் பாண்டீஸ்வரி, திரும்பிப் பார்க்காமல்.

பஸ்ஸில் சிரிப்பு அடங்குவதற்குள் கடைசி ஆடும் ரோட்டைக் கடந்துவிட்டது.

திருச்சுழிப் பக்கம் தை அறுப்பு முடிந்து ஒரு மாதம்தான் தரையில் தாளும் புல்லும் இருக்கும். மாசி பிறந்தால் வெடிப்பும் புழுதியும்தான். அதனால் ஆட்டுக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, காரியாபட்டி வழியாக வைகைப் பாசனப் பக்கம் நடப்பார்கள். ஆடியில்தான் திரும்புவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல். பொழுது சாய்ந்ததும் யாராவது ஒரு சம்சாரியின் காலி நிலத்தில் கிடை. ராத்திரி முழுக்க ஆடுகள் நெருக்கிப் படுத்துப் போடுகிற புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரம். மறுநாள் அதை ஒட்டினாற்போல் அடுத்த துண்டில் படுக்க வைப்பார்கள். பாயை உதறி உதறி விரிப்பது மாதிரி நிலம் பூராவும் மூடிய பிறகுதான் அடுத்த ஊர்.

பாண்டீஸ்வரி வீட்டில் வருடாவருடம் போகிறவர் அவள் புருசன் ஜெயபாண்டி. பொங்கலுக்கு மறுநாள் அவர் பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்காலை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டார். அவர்களுக்கு எண்பத்து நாலு உருப்படிகள், அத்தனையும் உடம்பில் சிவப்புப் பொட்டு விழுந்த வேம்பூர் ஆடுகள். கூட்டுக்காரர் அவருடைய சித்தப்பா மகன் செல்வக்குமார். செல்வக்குமாருக்கும் அவனுடைய இரண்டு மச்சினன்மாருக்கும் சேர்த்து இருநூற்றுச் சொச்சம். ஆள் இல்லாத ஆட்டைக் கூட்டுக்கிடையில் சேர்க்கிற வழக்கம் கிடையாது. மூன்று பேர் முந்நூறைக் கட்டி மேய்க்கவும் முடியாது. உள்ளூரில் வைத்திருந்தால் தீனி இல்லை. ஜெயபாண்டி இரண்டு நாள் கூரை மோட்டைப் பார்த்துப் படுத்துக் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் ஆட்டு வியாபாரிக்குப் போன் போட்டார். போனை அவர் கீழே வைப்பதற்குள் பாண்டீஸ்வரி, கஞ்சிக்குத் துவையல் வைத்துக்கொண்டே, தான் போவதாகச் சொன்னாள்.

அவள் இப்படித் திடீரென்று எதையாவது சொல்கிறவள்தான். எட்டு வயதிலேயே ஆட்டுக்குப் பின்னால் திரிந்தவள். கல்யாணமான பிறகு, அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு வேனில் போய்ப் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். மில்லில் ஜன்னல் திறக்கக் கூடாது. வெளிக்காற்று பட்டால் நூல் காய்ந்து அறும் என்று, புகை மாதிரி ஈரத்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள். உள்ளே போகும்போது தலை வாரியிருக்கும். வெளியே வரும்போது முடி நெற்றியில் அப்பியிருக்கும். ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவள் வேப்பமரத்துக் காற்றில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, அப்படியே கேட்டைத் தாண்டி நடந்து, ரோட்டில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். டிபன் பாக்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக ஆடுதான். அந்த எண்பத்து நாலில் எந்த ஆட்டின் அம்மா எது என்று ஜெயபாண்டிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

ஜெயபாண்டிக்கு அவள் ஆட்டை ஓட்டுவதில் சந்தேகமில்லை. கேள்வி ஒன்றுதான்.

"போறதெல்லாம் சரி. எங்க படுப்ப?"

ஆம்பளைகளுக்கு இது கேள்வியே இல்லை. லாரித் தார்ப்பாயில் ஒரு துண்டு, இரண்டு கம்பு, நாலு முழக் கயிறு. மழை வந்தால் மேலே, பனி வந்தால் போர்வைக்கு மேலே, தரை ஈரமென்றால் முதுகுக்குக் கீழே. கட்டுவதற்கு ஒரு நிமிடம், சுருட்டுவதற்கு அரை நிமிடம். ஆனால் அது நாலு பக்கமும் திறந்தது. நாலு பக்கமும் மூடின ஏதாவது இருந்தால்தான் அவளை அனுப்புவது என்று ஜெயபாண்டி சொல்லிவிட்டார். மகள் சுகப்பிரியா விருதுநகரில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு நாள் போனைத் தேய்த்துத் தேய்த்து ஒரு கூடாரம் கண்டுபிடித்தாள். இரண்டு பேர் படுக்கலாம், உள்ளே வலை, மேலே மழைத்துணி, கீழே கெட்டித் துணி, வாசலுக்கு ஜிப்பு, எடை மூன்று கிலோ நானூறு கிராம். பார்சல் மூன்றாம் நாள் வந்தது. ஜெயபாண்டி கட்டிலில் உட்கார்ந்தபடி ஜிப்பை ஏழெட்டு முறை மூடித் திறந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

செல்வக்குமாரிடமும் ஒரு நிபந்தனை இருந்தது. அவன் கெட்டவனில்லை. தூக்கம் கெட்டு, கால் வீங்கி, பாதி வழியில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் முந்நூறு ஆட்டோடு என்ன செய்வது என்று யோசிக்கிறவன்.

"காரியாபட்டி தாண்டுற வரைக்கும் பாப்போம் மதினி. ஏலலைன்னா அங்கன இருந்து பஸ்ஸு இருக்கு. உங்க உருப்படிய யாவாரிகிட்ட பிரிச்சு விட்டுருவோம். அண்ணன்ட்டயும் சொல்லிட்டேன்."

ஆக, காரியாபட்டிதான் எல்லை. அங்கே போய்ச் சேருவதற்குள் எண்பத்து நாலு ஆடும் அவளுடையதா வியாபாரியுடையதா என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் சாயங்காலம் கூடாரம் கட்டியதை மூன்று ஆம்பளைகளும் பாக்கு மென்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். வளைகம்பிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நீட்ட வேண்டும். துணியின் ஓரத்தில் உள்ள குழாய்க்குள் நுழைக்க வேண்டும். வளைக்கும்போது எதிர்முனை பிய்த்துக்கொண்டு கண்ணைக் குத்த வரும். முளையாணிகள் கரிசலில் வெடிப்புக்குள் முழுசாக விழுந்து காணாமல் போகும், சரளையில் நுனி வளையும். அரைமணி நேரத்துக்குப் பிறகு அது பொதபொதவென்று நின்றபோது மச்சினன்களில் ஒருவன் கைதட்டினான்.

எங்கே கட்டுவது என்பதைச் செல்வக்குமார் தீர்மானித்திருந்தான். கிடைக்கு மூன்று பக்கம் மூன்று ஆம்பளைகள், நாலாவது பக்கம் நாய். மதினி எந்தப் பக்கம் படுத்தாலும் ரோட்டிலிருந்து யாராவது வந்தால் முதலில் அவள்தான். அதனால் நடுவே. சுற்றிலும் முந்நூறு ஆடு. அதைவிடப் பத்திரமான இடம் நாட்டில் இல்லை என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தில் இருந்த ஓட்டையை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

முதுகில் பை மாட்டி மலை மலையாக அலைகிறவர்கள் பல் துலக்குகிற பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூடப் பாதி வெட்டி எறிவார்கள், நாற்பது கிராம் மிச்சம் என்று. ஆட்டுக்காரர்களும் அதே கூட்டம்தான், பேச்சு மட்டும் கம்மி. செல்வக்குமாரின் மொத்தச் சொத்து: தார்ப்பாய்த் துண்டு, கம்பளி, ஒரு தூக்குவாளி, அரிவாள், போன், போனுக்கு உயிர் கொடுக்கும் பேட்டரி. பாண்டீஸ்வரியிடமும் அவ்வளவுதான், கூடுதலாக ஒரு சேலை, ஒரு நைட்டி, அப்புறம் கூடாரம். மூன்றாம் நாள் அவளுடைய இடது தோளில் பட்டை பதிந்த இடம் சிவந்துவிட்டது. அதைவிட மோசம் காலை நேரம். மாசிப் பனிக்கு ஜிப்பை மூடிப் படுத்தால் அவளுடைய மூச்சே உள்பக்கத் துணியில் நீராகக் கோத்து, விடியும்போது நெற்றியில் சொட்டியது. கண் விழிக்கிற முதல் நொடியில் மில்லுக்குள் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். காயவைக்க நேரமில்லாமல் ஈரத்தோடு சுருட்டினால் மூன்று கிலோ நானூறு நாலரைக் கிலோவாகும். ஆம்பளைகள் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டு, டீ குடித்து, பாக்கு போட்டு, ஆட்டை எழுப்பி நிற்பார்கள். மதினி இன்னும் கம்பிகளைக் கழற்றிக்கொண்டிருப்பாள். அவர்கள் காத்து நிற்பதுதான் உறைத்தது.

அஞ்சாம் நாள் விடியற்காலை, வெளுத்து வருகிற நேரத்தில், ஊர்நாய்கள் மூன்று கிடைக்குள் புகுந்தன. ஆடுகள் மிரண்டு எழுந்த சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது, நடுவில் இருந்தவள் அவள்தானே. எழுந்து ஜிப்பை இழுத்தாள். பாதியில் அவள் தலைமுடி அதில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கூடாரத்துக்குள்ளிருந்து "சூ, சூ" என்று அவள் கத்துவதும், கூடாரம் தானாகக் குதிப்பதும்தான் செல்வக்குமாருக்குத் தெரிந்தது. அவன் ஓடிவந்து நாய்களை விரட்டி முடித்த பிறகுதான் தலை வெளியே வந்தது, ஒரு கொத்து முடியை உள்ளேயே விட்டுவிட்டு. ஓர் ஆட்டுக்குக் காது கிழிந்திருந்தது. அது அவளுடைய ஆடு. செல்வக்குமார் காதில் வேப்பெண்ணெய் தடவிக் கொடுத்தான். "ஆட்டுக்குக் காவலா, ஜிப்புக்குக் காவலா மதினி?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அவள் காது கிழிந்த ஆட்டின் பக்கத்திலேயே நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் காரியாபட்டிக்கு இந்தப் பக்கம் ஜேசுராஜ் வாத்தியார் நிலத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். குதிரைவாலி அறுத்த நாலு ஏக்கர். மகளைப் பார்க்க அவர் மதுரை போயிருந்ததால், கிடை போட்டுக்கொள்ளுங்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டார். நாலு ராத்திரி நாலு துண்டு முடிந்தது. வெள்ளி இரவு ஊர் திரும்பியவர் சனிக்கிழமை காலை செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் நின்றார். தள்ளிப்போய் இன்னோரிடத்தில் நின்றார். பிறகு பாதத்தை ஒட்டி ஒட்டி வைத்து அளக்க ஆரம்பித்தார்.

நிலம் முழுக்க மிளகு கொட்டியது மாதிரி புழுக்கை. நடுநடுவே நாலு இடத்தில் மட்டும், பெருக்கித் தெளித்த வாசல் கணக்காக, சுத்தமான செவ்வகங்கள். கூடாரம் நின்ற இடங்கள்.

மூன்று ஆம்பளைகளும் முதல் நாளே அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் கூடாரம் மதினியுடையது, அதை நடுவே போடச் சொன்னது தாங்கள். எனவே பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். தார்ப்பாய்க்காரன் ஓரத்தில் படுப்பவன், அவனால் நிலத்தில் ஓட்டை விழாது. காலங்காலமாகக் கிடை போடுகிறவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வந்ததே இல்லை.

"ஏம்ப்பா செல்வக்குமாரு," என்றார் வாத்தியார், கோபப்படாமல், கணக்கைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்புகிறவர் குரலில், "பத்தடிக்கு எட்டடி. நாலு. எங்க நெலத்துல சன்னல் வெக்கச் சொல்லி நான் கேக்கலையே."

செல்வக்குமாரின் முகம் கறுத்துவிட்டது. ஒரு கிடையில் குறை வைத்தார்கள் என்ற பேச்சு காரியாபட்டிச் சந்தைக்குள் நுழைந்தால் வைகைக்கரை வரை அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். பாண்டீஸ்வரி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்து, புழுக்கை அடர்ந்த இடத்தில் அள்ளி அந்த நாலு இடத்திலும் தூவிவிடுவதாகச் சொன்னாள்.

"புழுக்கை சரிம்மா. மூத்திரத்த எப்படி அள்ளுவ?" என்றார் வாத்தியார்.

அது நியாயமான கேள்வி. சாயங்காலத்துக்குள் சரிக்கட்டிவிடுவதாகச் செல்வக்குமார் சொல்லி அவரை அனுப்பினான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா அரிசி கொண்டுவருகிறாள் அல்லவா, அவளோடு மதினியும் பஸ் ஏறிவிடுவது நல்லது என்றான். வியாபாரியிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னான். குரலில் காரமே இல்லை. முடிவு எடுத்தவன் குரல் அப்படித்தான் இருக்கும்.

பாண்டீஸ்வரி அந்த நாலு இடத்தையும் தான் பார்த்துக்கொள்வதாக மட்டும் சொன்னாள்.

ஆனால் ஆட்டை ஓர் இடத்தில் நிறுத்துவது சொல்கிற மாதிரி லேசில்லை. காலை மேய்ச்சல் முடித்து, பதினோரு மணிக்குத் தன் எண்பத்து நாலில் ஒரு பாதியை ஓட்டிக்கொண்டு வந்து முதல் செவ்வகத்தில் விட்டாள். அவை செவ்வகத்தைக் கடந்து நேராக வேலியோர வேப்பமரத்துக்கு நடந்தன. திருப்பி ஓட்டினாள். திரும்பப் போயின. வெயில் ஏற ஏற ஆடுகள் ஒன்றன் வயிற்றுக்குக் கீழே மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு, எங்கே நிழலோ அங்கேதான் போவோம் என்று நின்றன.

அன்றைய ஈரத்துக்கு அவள் கூடாரத்தைப் பிரித்து, உள்வலையைத் தனியாகவும் மேலே போடும் ஆரஞ்சு மழைத்துணியைத் தனியாகவும் வரப்பில் காயப்போட்டிருந்தாள். துணி காய்ந்து காற்றில் படபடத்தது. அவள் அதைப் பார்த்தாள். வேப்பமரத்தைப் பார்த்தாள். பிறகு போய் அந்த மழைத்துணியை மட்டும் எடுத்து வந்தாள். தன் கம்பை ஒரு பக்கம் ஊன்றி, குழை அறுக்கும் தொரட்டியை இன்னொரு பக்கம் ஊன்றி, துணியை மேலே போட்டு, நாலு மூலையிலும் கயிற்றை இழுத்துக் கட்டினாள். நூல் மில்லில் அறுந்த இழையை ஒட்டுகிற கை அது. முடிச்சு கண்ணுக்குத் தெரியாமல் விழும்.

அதன் நிழல் மெத்தப் பெரிசில்லை, பத்தடிக்கு எட்டடிதான். ஆனால் அந்த வெட்டவெளியில் அது ஒன்றுதான் நிழல். முதலில் காது கிழிந்த ஆடு வந்து தலையை நுழைத்தது. பின்னாலேயே மற்றவை. கால் மணி நேரத்தில் நாற்பது ஆடும் அந்தத் துணிக்குக் கீழும் சுற்றிலும் பிதுங்க நெருக்கிப் படுத்து, அசைபோட்டு, வேண்டியதைச் செய்ய ஆரம்பித்துவிட்டன. முக்கால் மணி நேரம் கழித்துத் துணியைப் பிடுங்கி அடுத்த செவ்வகத்தில் நட்டாள். ஆடுகள் எழுந்து, சினிமாவில் அடுத்த காட்சிக்குப் போகிறவர்கள் மாதிரி, நிழலுக்குப் பின்னாலேயே நடந்தன. அப்புறம் மூன்றாவது. அப்புறம் நாலாவது. முதல் தடவை கட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. நாலாவது தடவை அவளே எண்ணிப் பார்த்தாள், நூற்றுப்பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. துணிக்குக் கீழே அவளும் குந்தியிருந்தாள். கீழிருந்து காற்று வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே நாலு ஏக்கரும், அதில் மேய்ந்த அத்தனை ஆடும் தெரிந்தன.

நாலரை மணிக்கு வாத்தியார் வந்து ஒவ்வொரு செவ்வகத்திலும் குனிந்து பார்த்து, நாலாவதில் குனிந்து மோந்தும் பார்த்துவிட்டு, முழு மார்க் போட்டார். செல்வக்குமார் தூரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே வரவில்லை.

அன்று சாயங்காலம் கடைசித் துண்டில் கிடை மடக்கினார்கள். பாண்டீஸ்வரி கூடாரத்தின் கம்பிகளையும் வலையையும் பையிலிருந்து எடுக்கவேயில்லை. மழைத்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு கிடையின் தெற்குப் பக்கம் போனாள். நாலாவது பக்கம், நாய் படுக்கிற பக்கம். காற்று வருகிற திசையில் துணியைத் தரையோடு தாழ்த்தி, ஆடுகளைப் பார்த்த பக்கத்தை உயர்த்திக் கட்டினாள். நாய் வந்து முகர்ந்துவிட்டு அவள் காலடியில் படுத்தது. செல்வக்குமார் தன் இடத்திலிருந்து எழுந்து பாதி தூரம் வந்தான். கேட்க நினைத்ததைக் கேட்காமல், அடுப்புக்குக் கல் எடுக்க வந்தவன் மாதிரி இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

விடிந்தபோது அவள் நெற்றியில் ஈரமில்லை. கிழக்கு வெளுப்பதற்கும், ஒரு சினையாடு கூட்டத்தைவிட்டு விலகி ஒதுங்குவதற்கும், அவள் கண் விழிப்பதற்கும் சரியாக இருந்தது. படுத்த இடத்திலிருந்தே பார்த்தாள். எழுந்து போய் உட்கார்ந்தாள். குட்டி வெளியே வந்து அதன் அம்மா நக்கி முடித்ததும், தூக்கிவந்து துணிக்குக் கீழே விட்டுக் கம்பளியைப் போர்த்தினாள். ஆம்பளைகள் டீ போட எழுந்தபோது குட்டி நிற்கப் பழகிக்கொண்டிருந்தது, துணி சுருட்டப்பட்டு அவள் தோளில் கிடந்தது. அன்றைக்கு அவளுக்காக யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை என்பதை முதலில் கவனித்தது கைதட்டிய மச்சினன். டீயை முதலில் அவளிடம் நீட்டினான்.

பத்து மணிக்குச் சுகப்பிரியா அரிசிப் பையோடு வந்து இறங்கினாள். அம்மாவின் கூடாரத்தை நன்றாகப் போட்டோ எடுத்து அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று ஆசையோடு வந்தவள், வெயிலுக்கு மறுபடி கட்டிய ஆரஞ்சுத் துணி இரண்டு கம்பில் தொங்குவதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டாள். வலை எங்கே, ஜிப்பு எங்கே, அப்பாவிடம் என்ன சொல்வது என்று அடுக்கினாள். உடுப்பு மாற்றுவதற்கு எங்கே போவாய் என்றும் கேட்டாள். பம்புசெட்டு ரூம் இல்லாத நிலமே இந்தப் பக்கம் இல்லை, இல்லாத இடத்தில் துணியின் இரண்டு பக்கத்தையும் தரையோடு தாழ்த்தினால் போதும் என்று பாண்டீஸ்வரி செய்து காட்டினாள். ஆனால் அவள் பேச்சில் மனசில்லை. கண் செல்வக்குமார் பக்கமே இருந்தது. பஸ் பன்னிரண்டு மணிக்கு.

பதினொன்றரைக்குச் செல்வக்குமார் வந்தான். மதினியைப் பார்க்காமல் மகளிடம் பேசினான்.

"பாப்பா, போறப்ப அந்தக் கம்பியையும் வலையையும் எடுத்துட்டுப் போயிரு. சும்மா சுமக்க வேணாம். அம்மாவுக்கு நடக்கணும்ல."

சொல்லிவிட்டு ஆட்டைத் திருப்பப் போய்விட்டான். பாண்டீஸ்வரி குனிந்து, கட்டாத செருப்புவாரைக் கட்டினாள்.

மிச்சமிருந்தது ஜெயபாண்டி. மகளை விட்டுச் சொல்லச் சொல்லாமல் அவளே போன் போட்டாள். மூடி வைத்துப் படுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தவள், நேற்று முதல் திறந்த துணியில் படுப்பதாக ஒரே மூச்சில் சொன்னாள். அந்தப் பக்கம் கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் படுக்குற?"

"தெக்கு."

"காத்து?"

"தெக்கதான் வருது. அந்தப் பக்கத்தத் தாழ்த்திருக்கேன்."

"நாயி?"

"காலுகிட்ட."

மறுபடி கட்டில் முனகியது. "பங்குனியில காத்து மாறும். கயித்த நீளமா விட்டுக் கட்டு," என்றார். அப்புறம் கிழிந்த காது ஆறிவிட்டதா என்று கேட்டார். அவரிடம் யார் அதைச் சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை.

காரியாபட்டியைத் திங்கட்கிழமை காலை தாண்டினார்கள். டீக்கடை வாசலில் ஒரு தெருநாயைப் பார்த்து அவர்கள் நாய் குரைத்தது, அவ்வளவுதான் விசேஷம்.

தார்ப்பாய் வாழ்க்கையில் எல்லாம் சுகம் என்று பாண்டீஸ்வரி சொல்லமாட்டாள். பங்குனி கடைசியில் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடைமழை பக்கவாட்டில் அடித்தது. துணி மேலே இருந்தது, தண்ணீர் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நாலு பேரும் ஆடுகளோடு ஆடுகளாக நனைந்து நின்றார்கள். அன்றைக்கு அந்த ஜிப்பு வீட்டுப் பரணில் கிடப்பதை நினைத்து அவள் பல்லைக் கடித்தாள். கொசுவுக்கு வைகைக்கரையில் வேப்பிலைப் புகைதான். சித்திரையில் ஒருநாள் துணிக்குள் தேள் வந்தது. கூடாரத்துக்குள் அதெல்லாம் வராது. அவளிடம் கேட்டால் இரண்டையும் சொல்வாள். சொல்லிவிட்டு, கூடாரத்தில் படுத்தால் நல்லாத் தூங்கலாம், ஆனால் தூங்குவதற்கா போனோம் என்பாள்.

ஆடி மூன்றாம் தேதி ஊர் திரும்பியபோது எண்பத்து நாலு நூற்றுப் பதினொன்றாகியிருந்தது. ஜெயபாண்டி ஊர் முகப்பு வரை கைக்கம்போடு நடந்து வந்திருந்தார். கால் கூடிவிட்டது, பழைய நடை கூடவில்லை. பக்கத்துக் கண்மாய் வரை மேய்க்கலாம், காரியாபட்டி ஆகாது. ஆட்டை விற்பது பற்றி வீட்டில் பேச்சு எழவில்லை. அடுத்த மாசிக்கு யார் போவது என்ற பேச்சும் எழவில்லை. ஐப்பசி மழை போயிற்று, கார்த்திகை போயிற்று. செல்வக்குமார் எதிரில் பார்த்தால் ஆட்டைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான். கூட்டுக்கிடைக்கு இந்த வருடம் புது ஆள் சேர்க்கிறான் என்று யாரோ சொன்னதாகச் சுகப்பிரியா வந்து சொன்னாள். பாண்டீஸ்வரி கேட்டுக்கொண்டாள். அவளாகப் போய் விசாரிக்கவில்லை. மார்கழியில் ஆரஞ்சுத் துணியைத் துவைத்து, மழையில் இற்றுப்போன மூலைக் கயிறுகளை மாற்றினாள்.

தை பதினாறாம் தேதி மத்தியானம், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய போனில் செல்வக்குமாரின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஆடுகளின் சத்தம். அவன் நடந்துகொண்டே பேசியிருந்தான், மூச்சு வாங்கியது.

"மதினி, செல்வக்குமாரு. மாசி பத்துக்கு மேல கெளம்புவோமா? அண்ணன்ட்ட கேட்டேன், அவகிட்டயே கேளுன்னுட்டாக. நீங்க ஒரு தேதி சொன்னா மச்சினன்மார்ட்ட சொல்லிருவேன். பொறகு, என் தார்ப்பாயி இத்துப் போச்சு. பாப்பாட்ட சொல்லி அந்த டெண்டு ஒண்ணு எனக்கும் வரவழைங்க. உள்ள இருக்கதெல்லாம் எனக்கு வேணாம், மேல் துணி போதும். தெக்குப் பக்கத்துக்கு ஒருத்தன் வாரேன்னான். ஆளு இருக்குன்னு சொல்லிட்டேன்."